காரைக்கால் கடற்கரையில் இருந்து பால்வெளியைப் படம் பிடிக்க முடியுமா? கேமராவிலும் போனிலும் என்ன செட்டிங்ஸ் வைக்க வேண்டும்?

காரைக்கால் கடற்கரையில் இரவில் நிமிர்ந்து பார்த்தால் கண்ணுக்கு நட்சத்திரங்கள் தெரிகின்றன. ஆனால் போனை எடுத்து கிளிக் செய்தால் வருவது ஒன்று முழுக் கறுப்பு, இல்லையென்றால் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மங்கல். விலை அதிகமான கேமராவை ஆட்டோ மோடில் வைத்து எடுத்தாலும் இதே கதைதான்.

காரணம் எளிது. பகல் வெளிச்சத்தில் ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் வேலையை முடிக்கப் பழகியவை இந்தக் கருவிகள். இரவு வானத்துக்கு அந்த நேரம் போதாது. பத்து, இருபது விநாடி வரை காத்திருந்து வெளிச்சத்தைச் சேகரிக்க வேண்டும். அதை நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

அப்படியென்றால் என்ன எண்களை வைப்பது? எந்த மாதம், எந்த திசை? செல்போன் போதுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காரைக்காலில் அப்படி என்ன வசதி?

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்கால், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கு நடுவே கடலைப் பார்த்து அமைந்திருக்கிறது. மேற்கே ஊரும் திருநள்ளாறும், தெற்கே துறைமுகமும் நாகூரும் இருக்கின்றன. அந்தப் பக்கங்களில் எல்லாம் இரவு முழுக்க விளக்கு எரியும். கிழக்கே மட்டும் கடல். அங்கே தெருவிளக்கு கிடையாது.

பால்வெளியின் பிரகாசமான மையப்பகுதி உதிப்பதும் அந்தப் பக்கத்தில்தான். தனுசு, விருச்சிக நட்சத்திரக் கூட்டங்கள் இருக்கும் இந்தப் பகுதி, காரைக்காலில் இருந்து பார்க்கும்போது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே, கடலுக்கு மேலே எழும்பும். அதாவது ஊர் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இருட்டான பக்கத்தைப் பார்த்துப் படம் எடுக்கலாம்.

இரண்டாவது வசதி, பூமியில் காரைக்கால் இருக்கும் இடம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 டிகிரி. இங்கே பால்வெளியின் மையப்பகுதி உச்சத்துக்கு வரும்போது அடிவானத்தில் இருந்து சுமார் 50 டிகிரி உயரத்தில் நிற்கும். டொராண்டோவில் இது 17 டிகிரிதான். லண்டனில் 10 டிகிரியைக்கூட எட்டாது. அங்கே இருக்கும் தமிழர்கள் கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் இடையே தேடும் ஒன்று, இங்கே தலைக்கு மேல் பாதி தூரத்துக்கு ஏறி வருகிறது.

வடக்கே துருவ நட்சத்திரம், தெற்கே திரிசங்கு எனப்படும் தென்சிலுவை, இரண்டையும் இங்கிருந்து பார்க்கலாம். திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருப்பது தெரிந்திருக்கும். 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்ட இடம் அது. 12.5 டிகிரியில் இருப்பதால் வட வானம், தென் வானம் இரண்டையும் அங்கிருந்து ஆராய முடிவது அந்த இடத்தின் பெரிய பலம். காரைக்கால் அதைவிடவும் கொஞ்சம் தெற்கே இருக்கிறது.

எந்த மாதம், எந்த நேரம்?

கேமரா செட்டிங்ஸை விட முக்கியமான செட்டிங் காலண்டரில் இருக்கிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டெல்டா வானம் பெரும்பாலும் மூடியே இருக்கும். ஜனவரியில் இருந்து தெளிய ஆரம்பிக்கும். பால்வெளியின் மையப்பகுதி கடலுக்கு மேல் எழும் நேரம் தோராயமாக இப்படி இருக்கும்:

• பிப்ரவரி நடுவில்: அதிகாலை 3 மணிக்குக் கொஞ்சம் முன்பு
• மார்ச் நடுவில்: நள்ளிரவு 1 மணி வாக்கில்
• ஏப்ரல் நடுவில்: இரவு 11 மணி வாக்கில்
• மே நடுவில்: இரவு 9 மணி வாக்கில்

உதித்த உடனே எடுத்தால் அடிவானப் புகைமூட்டத்தில் மங்கிப் போகும். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பது நல்லது.

இன்னொரு விஷயம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் இருக்கும் என்பதால், மற்ற நாட்களில் அடிவானத்தில் வரிசையாகத் தெரியும் படகு விளக்குகளும் குறையும்.

அடுத்து நிலா. பௌர்ணமி வெளிச்சத்தில் பால்வெளி தெரியாது. அதனால் தினசரி காலண்டரில் அமாவாசை தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னிரவில் எடுப்பதாக இருந்தால் அமாவாசைக்கு முந்தைய ஒரு வாரம் சரி. நிலா நள்ளிரவுக்குப் பிறகுதான் வரும். அதிகாலையில் எடுப்பதாக இருந்தால் அமாவாசைக்குப் பிந்தைய ஒரு வாரம் சரி; நிலா அதற்குள் மறைந்திருக்கும்.

காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வரும். அன்றைக்கு ஊரே கூடியிருக்கும், ஆனால் பால்வெளிப் படம் கிடைக்காது. கடலில் இருந்து நிலா எழுவதை எடுக்கலாம். அதற்கான செட்டிங்ஸ் வேறு, கீழே இருக்கிறது.

சூரியன் மறைந்தவுடன் வானம் முழு இருட்டாகிவிடாது. இங்கே அதற்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். விடியலுக்கு முன்பும் அதே கணக்குதான்.

அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ: மூன்றும் என்ன செய்கின்றன?

மழைத்தண்ணீர் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். முற்றத்தில் சொம்பை வைத்தால் கொஞ்சம் தண்ணீர், அகலமான அண்டாவை வைத்தால் நிறைய தண்ணீர். லென்ஸின் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதுதான் அபெர்ச்சர். பாத்திரத்தை எத்தனை நேரம் மழையில் வைத்திருக்கிறோம் என்பது ஷட்டர் ஸ்பீடு.

அபெர்ச்சர்: எஃப் எண் சிறியதாக இருந்தால் வாய் அகலம். எஃப் 2.8-ல் உள்ளே வரும் வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்குதான் எஃப் 5.6-ல் வரும். எனவே உங்கள் லென்ஸில் உள்ள மிகச் சிறிய எண்ணை வையுங்கள். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸில் அது 18 மி.மீ.-ல் எஃப் 3.5. ஜூம் செய்தால் எண் கூடும், வெளிச்சம் குறையும். அதனால் ஜூம் வேண்டாம்.

ஷட்டர்: எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு வெளிச்சம். ஆனால் இங்கே ஒரு சிக்கல். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். அதிக நேரம் திறந்து வைத்தால் புள்ளிகள் கோடுகளாக இழுபடும்.

ஐஎஸ்ஓ: இதைப் பற்றித்தான் தவறான புரிதல் அதிகம். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் கேமராவுக்குள் ஒரு துளி வெளிச்சம்கூட அதிகமாக வராது. கோயில் திருவிழா மைக்செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடுபவர் குரல் சின்னதாக இருந்தால் வால்யூமைக் கூட்டுவார்கள். குரலோடு சேர்ந்து இரைச்சலும் கூடும். ஐஎஸ்ஓ அந்த வால்யூம் திருகு மாதிரி. படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸுக்கு முக்கியக் காரணம் வெளிச்சம் குறைவாகச் சேர்ந்ததுதான்.

எனவே வரிசை இதுதான்: முதலில் அபெர்ச்சரை முழுதாகத் திறக்க வேண்டும். அடுத்து, நட்சத்திரம் இழுபடாத அளவுக்கு ஷட்டர் நேரத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்ட வேண்டும். மிச்சத்தை ஐஎஸ்ஓவால் சரிக்கட்ட வேண்டும்.

'500 விதி'ன்னா என்ன?

நட்சத்திரம் கோடாகாமல் எத்தனை விநாடி எடுக்கலாம்? இதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. 500-ஐ லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால் வருவது விநாடி.

• ஃபுல் ஃபிரேம் கேமரா, 24 மி.மீ. லென்ஸ்: 500 ÷ 24 = சுமார் 20 விநாடி
• ஃபுல் ஃபிரேம், 14 மி.மீ.: சுமார் 35 விநாடி
• சாதாரண டிஎஸ்எல்ஆர், 18 மி.மீ.: இதில் சென்சார் சிறியது என்பதால் முதலில் 18-ஐ 1.5-ஆல் பெருக்க வேண்டும், அது 27. 500 ÷ 27 = சுமார் 18 விநாடி

இது ஃபிலிம் காலத்துக் கணக்கு. இப்போதைய கேமராக்களில் மெகாபிக்சல் அதிகம் என்பதால் பெரிதாக்கிப் பார்த்தால் சின்ன இழுவையும் தெரிந்துவிடும். போன் திரையில் பார்க்கவும் ஸ்டேட்டஸ் வைக்கவும் 500 போதும். பெரிதாக பிரிண்ட் போடப் போகிறீர்கள் என்றால் 500-க்குப் பதிலாக 300 வைத்து வகுங்கள். அப்போது 24 மி.மீ. லென்ஸுக்கு 12 விநாடிதான் வரும்.

50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வைத்திருப்பவர்கள் பலர். விலை குறைவு, வாய் அகலம். ஆனால் சாதாரண டிஎஸ்எல்ஆரில் இந்த லென்ஸுக்கு 6 விநாடிதான் கணக்கு வரும். வானத்தின் ஒரு சிறு பகுதிதான் படத்தில் அடங்கும். விருச்சிகத்தின் வால் பகுதியையோ ஒரு நட்சத்திரக் கூட்டத்தையோ தனியாக எடுக்க இது நல்லது. கடலும் வானமும் சேர்ந்த அகலமான காட்சிக்கு கிட் லென்ஸே மேல்.

சரி, என்ன எண்ணில் ஆரம்பிக்கலாம்?

கேமராவை எம் எனப்படும் மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். பிறகு:

• அபெர்ச்சர்: லென்ஸில் உள்ள மிகச் சிறிய எண்
• ஷட்டர்: 15 விநாடி
• ஐஎஸ்ஓ: 3200
• வொயிட் பேலன்ஸ்: 4000 கெல்வின் அளவில். ஆட்டோவில் விட வேண்டாம்
• ஃபைல் வகை: ஜேபெக்குடன் சேர்த்து 'ரா' ஃபைலும்
• ஃபிளாஷ்: ஆஃப்
• லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசேஷன்: டிரைபாடில் இருக்கும்போது ஆஃப்
• டைமர்: 2 விநாடி. பட்டனை அழுத்தும்போது வரும் ஆட்டம் அடங்க இது தேவை

ஒரு படம் எடுத்துப் பாருங்கள். திரையில் தெரிவதை அப்படியே நம்ப வேண்டாம். இருட்டில் எந்தத் திரையும் பிரகாசமாகத்தான் தெரியும். ஹிஸ்டோகிராம் எனப்படும் வரைபடத்தைப் பாருங்கள். அதன் மேடு இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் வெளிச்சம் பற்றவில்லை. ஐஎஸ்ஓ 6400-க்குப் போகலாம். மேடு நடுப்பகுதியைத் தாண்டினால் ஊர் வெளிச்சம் படத்தை விழுங்குகிறது, 1600-க்கு இறக்குங்கள். இடதில் இருந்து கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மேடு இருந்தால் சரி.

ஒரே கடற்கரையில் கிழக்கே பார்த்து எடுக்கும்போது சரியாக வரும் ஐஎஸ்ஓ, மேற்கே திரும்பினால் படத்தை வெளுக்க வைத்துவிடும். அதனால் இணையத்தில் யாரோ லடாக்கில் எடுத்த படத்தின் எண்களை அப்படியே காப்பி அடித்தால் இங்கே வேலைக்கு ஆகாது. திசை மாறினால் எண்ணும் மாற வேண்டும்.

ஃபோகஸ்: பலரும் கோட்டை விடும் இடம்

செட்டிங்ஸ் எல்லாம் சரி, ஆனால் நட்சத்திரங்கள் பஞ்சு உருண்டை மாதிரி வருகின்றனவா? ஃபோகஸ் தவறியிருக்கிறது என்று பொருள்.

இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். மேனுவலுக்கு மாற்றுங்கள். லைவ் வியூவை ஆன் செய்து, வானத்தில் உள்ள பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் 10 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். ஃபோகஸ் வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். நட்சத்திரம் எப்போது மிகச் சிறிய புள்ளியாகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிப்ரவரி இரவு 9 மணி வாக்கில் தெற்கே தெரியும் அகத்தியர் நட்சத்திரம் இதற்குக் கச்சிதம்.

லென்ஸில் இன்ஃபினிட்டி குறி இருந்தாலும் அதில் வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பல லென்ஸ்களில் சரியான இடம் அதற்குச் சற்று முன்னோ பின்னோ இருக்கும். சரியான இடம் கிடைத்ததும் வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

செல்போன் போதுமா?

போதும். ஆனால் கையில் பிடித்து எடுத்தால் வராது. ஒரு சின்ன டிரைபாட் வேண்டும். இல்லையென்றால் மணல் நிரப்பிய பையில் சாய்த்து வைக்கலாம்.

ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் 'புரோ' மோட் இருக்கிறது. அதில் ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, ஷட்டர் 15 முதல் 20 விநாடி, ஃபோகஸ் மேனுவலில் மலைக் குறி உள்ள கடைசிப் பக்கம் என்று வையுங்கள். பெரும்பாலான போன்களின் முக்கிய கேமரா 24 மி.மீ. லென்ஸுக்குச் சமம் என்பதால் அதே 20 விநாடிக் கணக்கு பொருந்தும். அல்ட்ரா வைடு, டெலிஃபோட்டோ கேமராக்களை விட முக்கிய கேமராவே அதிக வெளிச்சம் வாங்கும்.

கூகுள் பிக்சல் போன்களில் 2019-ல் வந்த ஆஸ்ட்ரோ மோட், தலா 16 விநாடி வரை 15 படங்களை எடுத்துத் தானே ஒன்றாக்கும். மொத்தம் 4 நிமிடம். ஐபோனின் நைட் மோட், போன் அசையாமல் இருப்பதை உணர்ந்தால் 30 விநாடி வரை நேரம் தரும். சாம்சங்கின் உயர்வகை போன்களில் எக்ஸ்பர்ட் ரா ஆப்பில் இதே வசதி உண்டு.

பல படங்களை ஒன்றாக்குவது ஏன்? நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு படங்களைப் பொருத்தினால், ஒவ்வொரு படத்திலும் நட்சத்திரம் அதே இடத்தில் இருக்கும். நாய்ஸ் புள்ளிகள் வேறு வேறு இடத்தில் விழும். சேர்த்து சராசரி எடுத்தால் நட்சத்திரம் நிலைக்கும், நாய்ஸ் கரையும். 16 படங்களை அடுக்கினால் நாய்ஸ் நாலில் ஒரு பங்காகக் குறையும். கேமராவில் எடுப்பவர்கள் கம்ப்யூட்டரில் சீக்வேட்டர், டீப்ஸ்கைஸ்டாக்கர் போன்ற இலவச மென்பொருட்களில் இதைச் செய்யலாம். பெரிய லென்ஸ் வாங்கக் காசு இல்லாதவர்களுக்கு இதுதான் வழி.

நிலா, நட்சத்திர வட்டம், எரிகல்: ஒவ்வொன்றுக்கும் என்ன செட்டிங்?

முழு நிலா: நிலாவின் மேல் சூரிய வெளிச்சம் நேராக விழுகிறது. எனவே அதற்குப் பகல் செட்டிங்தான். எஃப் 8, ஷட்டர் 1/125 விநாடி, ஐஎஸ்ஓ 100-ல் ஆரம்பியுங்கள். போனில் நிலாவின் மேல் விரலால் தொட்டு, வெளிச்சக் குறியைக் கீழே இழுத்தால் வெள்ளை உருண்டையில் கறைகள் தெரிய ஆரம்பிக்கும். கடலில் இருந்து எழும் நேரத்தில் நிலா மங்கலாக இருக்கும் என்பதால் ஷட்டரைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கும்.

நட்சத்திர வட்டம்: இங்கே இழுவையே நமக்கு வேண்டும். காரைக்காலில் துருவ நட்சத்திரம் வடக்கே சுமார் 11 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கையை முழுதாக நீட்டி ஒரு முஷ்டி வைத்தால் அந்த உயரம். கரையோரமாக வடக்கே, தரங்கம்பாடிப் பக்கம் கேமராவைத் திருப்பி, 30 விநாடிப் படங்களை இடைவெளி இல்லாமல் ஒரு மணி நேரம் எடுங்கள். 120 படங்களையும் அடுக்கினால் துருவத்தைச் சுற்றி வளைவுகள் வரும். ஒரே படமாக ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் ஊர் வெளிச்சத்தில் படம் வெளுத்துவிடும்.

எரிகல் பொழிவு: டிசம்பர் 13, 14-ல் உச்சம் தொடும் ஜெமினிட்ஸ் பெரியது. ஆனால் டெல்டாவில் அப்போது மேகம் சதி செய்யலாம். மே 5, 6 வாக்கில் வரும் ஈட்டா அக்வாரிட்ஸ் காரைக்காலுக்கு ஏற்றது. ஹாலி வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற தூசியால் வருவது இது. விடியலுக்கு முன் கிழக்கு வானில், அதாவது கடலுக்கு மேலே பார்க்கலாம். பால்வெளிக்கு வைத்த அதே செட்டிங்ஸில் தொடர்ந்து படம் எடுத்துக்கொண்டே இருங்கள். எரிகல்லைப் பார்த்துவிட்டு பட்டனை அழுத்தினால் அது போயே போய்விடும்.

வால்நட்சத்திரம்: 2024 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் சுசின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் விடியலுக்கு முன் கிழக்கே தாழ்வாகத் தெரிந்தது. இந்த மாதிரி சமயங்களில் கிழக்கே மரமோ கட்டடமோ மறைக்காத கடற்கரைதான் சிறந்த இடம்.

படத்தில் கோடு விழுந்திருக்கிறதே, அது என்ன?

20 விநாடிப் படம் எடுத்தால் எதிர்பாராத கோடுகள் விழுவது சகஜம். விட்டு விட்டுப் புள்ளி வைத்தது போல் இருந்தால் விமானம். நடுவில் தடித்து இரு முனையிலும் மெலிந்த சின்னக் கோடு என்றால் எரிகல்லாக இருக்கலாம். ஒரே சீராக நீண்டிருந்தால் செயற்கைக்கோள்.

இங்கேதான் காரைக்காலுக்கே உரிய ஒரு கேள்வி வருகிறது. திருநள்ளாறுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சில விநாடி நின்றுவிட்டுப் போவதாகவும், நாசாவே இதைக் கண்டு திகைத்ததாகவும் ஒரு வாட்ஸ்அப் செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. அது உண்மை இல்லை. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 28,000 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. தாழ்வான சுற்றுப்பாதையில் உள்ள செயற்கைக்கோள் ஓர் இடத்தில் நின்றுவிட்டு அதே பாதையில் தொடர முடியாது.

இதை உங்கள் கேமராவிலேயே சோதிக்கலாம். விண்வெளி நிலையம் கடக்கும் நேரத்தை ஆப்பில் பார்த்துக்கொண்டு, மேலே சொன்ன செட்டிங்ஸில் 20 விநாடிப் படம் எடுங்கள். அந்த நேரத்தில் அது சுமார் 150 கி.மீ. கடந்திருக்கும். மூன்று விநாடி நின்றிருந்தால் கோட்டின் நடுவே அந்த இடத்தில் வெளிச்சம் குவிந்து ஒரு பளிச் முடிச்சு விழ வேண்டும். படத்தில் இருப்பது சீரான கோடாகத்தான் இருக்கும்.

எப்போதும் நின்றபடியே தெரியும் செயற்கைக்கோள்களும் உண்டு. அவை நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுபவை. டிஷ் ஆன்டெனாவை ஒரே பக்கம் பார்த்து வைப்பது அதனால்தான். திருநள்ளாறு சனீஸ்வரர் மீது உள்ள பக்திக்கு இந்த வதந்தியின் துணை தேவையில்லை. சனி கிரகத்தைப் பார்க்க ஆசைப்படுபவர்கள், சுமார் 30 மடங்கு பெரிதாக்கும் சின்னத் தொலைநோக்கி இருந்தால் அதன் வளையத்தையே பார்க்கலாம். கேமராவின் அகல லென்ஸில் அது மினுக்காத ஒரு புள்ளியாகத்தான் விழும்.

கடற்கரையில் எதைக் கவனிக்க வேண்டும்?

உப்புக்காற்று: அரை மணி நேரத்தில் லென்ஸ் மேல் உப்புப் படலம் படியும். படத்தில் நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் லென்ஸைப் பாருங்கள். எடுக்காத நேரத்தில் மூடி போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் டிரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

பனி: ஜனவரி, பிப்ரவரியில் அதிகாலை ஈரத்தில் லென்ஸ் வியர்க்கும். ஏசி அறையில் இருந்தோ காரில் இருந்தோ எடுத்தவுடன் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள்.

மணல்: டிரைபாட் கால்களை அழுத்திப் புதையுங்கள். நடுவில் உள்ள கொக்கியில் பையை மாட்டினால் காற்றில் ஆடாது.

பாதுகாப்பு: அரசலாறு கடலில் கலக்கும் முகத்துவாரப் பகுதியில் இருட்டில் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். தனியாகப் போக வேண்டாம். மீனவ கிராமத்துக் கரையாக இருந்தால் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதிகாலையில் படகு தள்ளும் பாதையில் டிரைபாடை நிறுத்தக் கூடாது. கடலோரக் காவல் ரோந்து வந்தால் என்ன செய்கிறீர்கள் என்று விளக்கிச் சொல்லுங்கள்.

டார்ச் ஏன் அடிக்கக் கூடாது?

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு முறை வெள்ளை டார்ச் அடித்தால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். சிவப்பு வெளிச்சம் அவ்வளவு பாதிக்காது. டார்ச் மேல் சிவப்பு ஜெலட்டின் தாள் ஒட்டினால் போதும்.

இதைவிடப் பெரிய காரணம் காலடியில் இருக்கிறது. பங்குனி ஆமை என்று மீனவர்கள் அழைக்கும் ஆலிவ் ரிட்லி கடலாமைகள், தமிழகக் கடற்கரையில் முட்டையிட வருவது ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான இரவுகளில்தான். பால்வெளிப் படம் எடுக்க நல்ல காலமும் அதுவே. 45 முதல் 60 நாளில் பொரிக்கும் குஞ்சுகள், இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். இயற்கையில் அது வானம் பிரதிபலிக்கும் கடல். தெருவிளக்கோ டார்ச்சோ எரிந்தால் குஞ்சு ஊர்ப்பக்கம் நடக்கும். காலையில் வெயிலிலும் நாயிடமும் காக்கையிடமும் மாட்டிச் சாகும். ஆமை தென்பட்டால் ஃபிளாஷ் அடிக்காமல் விலகி நிற்க வேண்டும். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது.

இந்த இருட்டு எத்தனை நாளைக்கு?

உலகம் முழுக்க பொதுமக்கள் அனுப்பிய 51,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 2023-ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 2011 முதல் 2022 வரை இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடியதற்குச் சமமாக, கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள் குறைந்துள்ளன என்பது அதன் முடிவு. இதே வேகத்தில் போனால், ஒரு குழந்தை பிறக்கும்போது 250 நட்சத்திரம் தெரிந்த இடத்தில் அதற்கு 18 வயதாகும்போது 100 தான் தெரியும்.

லடாக்கின் ஹான்லே பகுதி 2022-ல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஊர் மக்களே விளக்குகளுக்கு மூடி போட்டு வெளிச்சம் மேலே போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். காரைக்காலில் ஊரை இருட்டாக்க முடியாது, தேவையும் இல்லை. கடலைப் பார்த்து எரியும் விளக்குகளைத் தரையைப் பார்த்துத் திருப்பினால் நடப்பவருக்கும் வெளிச்சம் கிடைக்கும், ஆமைக்கும் வழி தவறாது, கிழக்கு வானமும் மிஞ்சும்.

இதில் படம் எடுப்பவர்கள் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. நீங்கள் நின்ற இடம், திசை, தேதி, மணி, அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே அமாவாசையில், அதே இடத்தில், அதே எண்களில் இன்னொரு படம் எடுங்கள். ஹிஸ்டோகிராமின் மேடு வலது பக்கம் நகர்ந்திருந்தால் வானம் வெளுத்திருக்கிறது என்று பொருள். நகராட்சியிடம் விளக்கைத் திருப்பச் சொல்லி மனு கொடுக்கும்போது, அந்த இரண்டு படங்களையும் அதோடு இணைக்கலாம்.